தாய்மார் பூமியில் ஒரு செம்புச் சுரங்கம்

மதில் சுவரின் மேல் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குமே காகிதப்பூ, அதற்கு இன்னொரு பெயர் போகன்வில்லா. 18-ம் நூற்றாண்டில் கப்பலேறி உலகைச் சுற்றிவந்த பூகன்வில் என்ற பிரெஞ்சுக்காரருடைய பெயரைத்தான் அந்தச் செடிக்கு வைத்தார்கள். அதே பயணத்தில், 1768-ம் ஆண்டு, பசிபிக் மகா சமுத்திரத்தில் ஒரு பெரிய தீவின் ஓரமாக அவருடைய கப்பல் போயிற்று. அந்தத் தீவுக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அங்கே குடியிருந்த மக்களைக் கேட்டா பெயர் வைத்தார்கள்? கேட்காமல் காரியம் செய்வது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது!

பூகன்வில் தீவு ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே இருக்கிறது. நடுவே மலைத்தொடர், அதில் புகைந்துகொண்டிருக்கும் எரிமலையும் உண்டு. கரையெல்லாம் தென்னை. மக்கள் நல்ல கறுப்பு நிறம். முதலில் ஜெர்மானியர் ஆண்டார்கள். முதல் உலகப் போர் வந்ததும் ஆஸ்திரேலியர் கைக்கு மாறியது. இரண்டாவது உலகப் போரில் ஜப்பானியர் வந்து உட்கார்ந்தார்கள். ஜப்பானியக் கடற்படைத் தலைவர் யமமோட்டோ 1943-ல் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டது இந்தத் தீவின் காட்டில்தான். யுத்தம் முடிந்து மீண்டும் ஆஸ்திரேலியா வந்தது. எஜமானர்கள் மாறி மாறி வந்தார்களே தவிர, மலைக்காட்டில் கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தவர்களுடைய நிலத்தின் மேல் அதுவரை யாருக்கும் பெரிதாகக் கண் விழவில்லை.

விழுந்தது 1964-ல். பங்குனா என்ற மலைக் கிராமத்துப் பக்கம் செம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள்.

நிலம் யாருடையது?

கதைக்குள் போகுமுன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குனா வட்டாரத்தில் வாழும் நாசியோய் மக்களிடையே நிலம் தாய்வழியில் இறங்குகிறது. தாயின் குலம் எதுவோ அதுவே பிள்ளையின் குலம். தாயின் குலத்துக்கு எந்தக் காடோ, எந்த ஓடையோ, அதுவே பிள்ளைக்கும். நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழியைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசுவது ஆணாக இருக்கலாம். ஆனால் நிலத்தைப் பற்றிய பேச்சு என்றால் பெண்களின் சம்மதம் இல்லாமல் முடிவாகாது. அந்த நிலம் விற்கிற சரக்கும் அல்ல. இறந்தவர்களைப் புதைத்திருப்பது அங்கே, பிறக்கப் போகிறவர்கள் பயிரிட வேண்டியதும் அங்கே. நடுவில் இருப்பவர்கள் காவலர்கள் மாதிரி.

கம்பெனிக்காரர்களும் ஆஸ்திரேலிய நிர்வாகமும் கொண்டுவந்த சட்டமோ வேறு. மேல்மண் உன்னுடையதாக இருக்கலாம். பூமிக்கு அடியில் இருக்கும் தாதுப்பொருள் சர்க்காருடையது என்றது அந்தச் சட்டம். செடியும் கிழங்கும் உனக்கு, வேருக்குக் கீழே எனக்கு என்று ஒரு வீட்டுக்குள் வந்து கோடு கிழித்தால் எப்படி இருக்கும்? பங்குனாக்காரர்களுக்கு அந்தப் பேச்சே புரியவில்லை. புரிந்தபோது ஒப்பவில்லை.

அன்றைய சட்டசபையில் பூகன்வில்லுக்காகப் பேசியவர் பால் லபுன். சுரங்கக் கம்பெனி சர்க்காருக்குக் கட்டும் ராயல்டியில் நிலத்துக்கு உரியவர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று அவர் மன்றாடி, முதலில் தோற்று, 1966-ல் ஒருவழியாக ஜெயித்தார். எவ்வளவு கிடைத்தது தெரியுமா? விற்ற மதிப்பில் நூற்றுக்கு ஒன்றேகால்தான் ராயல்டி. அந்த ஒன்றேகாலில் நூற்றுக்கு ஐந்து பங்கு நிலக்காரர்களுக்கு! பதினாறாயிரம் ரூபாய்க்குச் செம்பு விற்றால் பத்து ரூபாய். இதை ஜெயித்ததாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். அதுகூட இல்லாமல்தான் முதலில் சட்டம் இருந்தது.

கண்ணீர்ப் புகை

சுரங்கம் என்றால் மலையோடு நிற்பதில்லை. செம்பை ஏற்றத் துறைமுகம் வேண்டும். அதிகாரிகள் குடியிருக்க நகரம் வேண்டும். கடற்கரையில் ரொரோவானா மக்களுடைய நிலத்தைத் துறைமுகத்துக்கென்று கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்றார்கள் அவர்கள். 1969 ஆகஸ்ட் மாதம் போலீஸ் துணையோடு சர்வே ஆட்கள் வந்து அளவு முளை அடித்தார்கள். அப்போது முன்னுக்கு வந்தவர்கள் பெண்கள். அடித்த முளையைப் பிடுங்கினார்கள். மண் தள்ளும் புல்டோசர் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்கள். போலீசார் தடியடி நடத்திக் கண்ணீர்ப் புகைக் குண்டு வீசினார்கள்.

அந்தக் காட்சி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் புகைப்படத்தோடு வந்துவிட்டது. தலைக்கவசமும் தடியுமாக ஒரு பக்கம் போலீஸ். மறுபக்கம் வெறுங்கையோடு தாய்மார்கள். ஆஸ்திரேலியாவில் பெரிய கூச்சல் எழுந்தது. கடைசியில் கம்பெனியே இறங்கிவந்து ரொரோவானா மக்களோடு நேரில் பேசி, நிலத்தைப் பிடுங்குவதற்குப் பதில் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. போராடினால்தான் காது கேட்கும் என்று தீவு மக்கள் அன்று ஒரு பாடம் படித்தார்கள். ஆனாலும் துறைமுகம் வந்தது. அராவா என்ற தென்னந்தோட்டம் நகரமாயிற்று. 1972-ல் பங்குனாவிலிருந்து செம்பு புறப்பட்டது.

கம்பெனியின் பெயர் பூகன்வில் காப்பர் லிமிடெட். அதன் பெரும்பான்மைப் பங்குகள் ரியோ டின்டோ என்ற உலகப் பெரும் சுரங்கக் குழுமத்தின் ஆஸ்திரேலியக் கிளையிடம் இருந்தன. ரியோ டின்டோ என்பது ஸ்பெயின் தேசத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். சாயமேறிய ஆறு என்று பொருள். அங்கேயும் சுரங்கந்தான்; ஆறு சிவப்பாக ஓடுகிறது. பங்குனாவிலும் ஆறுகள் உண்டு.

நூறு கிலோ கல்லில் அரைக் கிலோ

செம்புச் சுரங்கம் என்றதும் குகைக்குள் இறங்கிக் கட்டி கட்டியாகச் செம்பை வெட்டி எடுப்பதாக நினைத்துவிடக் கூடாது. பங்குனாக் கல்லில் செம்பு பொடியாகக் கலந்திருக்கிறது. நூறு கிலோ கல்லை உடைத்து அரைத்தால் ஏறக்குறைய அரைக் கிலோ செம்பு கிடைக்கும். மீதி தொண்ணூற்றொன்பதரைக் கிலோவும் சக்கை. ஆகவே காட்டை அழித்து, மலையைப் படிப்படியாக வெட்டி, வீடு அளவு லாரிகளில் ஏற்றி, ஆலையில் மாவாக அரைக்கிறார்கள். மருந்து கலந்த தண்ணீரில் செம்புப் பொடியை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரித்து எடுக்கிறார்கள். அந்தப் பொடியைக் கூழாக்கிக் குழாய் வழியே மலை தாண்டித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் கப்பல் ஏறியது.

சக்கை எங்கே போயிற்று? ஆற்றில் விட்டார்கள்! காவெராங் ஆற்றிலும், அது போய்ச் சேரும் ஜாபா ஆற்றிலும். பதினேழு வருஷத்தில் அப்படிப் போன கழிவு நூறு கோடி டன்னுக்கு மேல். ஆறு மேடிட்டது. மேடிட்ட ஆறு கரை தாண்டி வயலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் புகுந்தது. மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. கடலில் விழும் இடத்தில் சாம்பல் நிறமாகப் புதிய மணல்வெளி முளைத்தது. மீன் பிடித்த மடுக்கள் தூர்ந்துபோயின. சுரங்கத்தை ஒட்டியிருந்த கிராமங்களைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். டப்பெரா என்ற கிராமத்தாரைக் குடியேற்றியதோ, சுரங்கத்திலிருந்து கொட்டிய கல்லும் மண்ணும் நிரவிய மேட்டின் மேல். அதில் கிழங்கு விளையுமா? மேல்மண் இல்லாத இடத்தில் புல் முளைப்பதே பெரிது. அதுவரை அரிசியையும் தகர டப்பா மீனையும் அபூர்வமாகச் சாப்பிட்டவர்கள் அன்றாடம் அதையே வாங்கிச் சாப்பிட வேண்டியதாயிற்று.

கம்பெனி நன்மையே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். சாலை போட்டது. அராவாவில் நல்ல ஆஸ்பத்திரி வந்தது. பல இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. அந்தப் பயிற்சி பின்னால் வேறொரு விதத்தில் உதவியது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களில் தீவுக்காரர் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் வெளியூர் ஆட்கள்.

பங்கு பிரித்த கணக்கு

1975 செப்டம்பர் 16-ல் பப்புவா நியூகினி சுதந்திர நாடாயிற்று. பூகன்வில் அதில் ஒரு மாகாணம். அதற்குப் பதினைந்து நாள் முன்பே, செப்டம்பர் 1-ல், நாங்கள் தனி நாடு என்று தீவார் அறிவித்துப் பார்த்தார்கள். உலகத்தில் யாரும் ஏற்கவில்லை. புதிய நாட்டுக்குப் பங்குனா வேண்டியிருந்தது. பொய்யில்லை: சுரங்கம் நடந்த காலத்தில் அந்த நாட்டின் மொத்த ஏற்றுமதி மதிப்பில் நாற்பது சதவிகிதத்துக்கு மேல் அந்த ஒரே மலையிலிருந்து வந்தது. மூடும்வரை எடுத்த செம்பு 30 லட்சம் டன். தங்கம் 306 டன்.

இவ்வளவும் விற்று வந்த பணத்தில் பிரித்துக்கொடுத்த தொகையைப் பார்த்தால், நாட்டின் மத்திய சர்க்காருக்கு நூற்றுக்கு அறுபதுக்கு மேல். வெளிநாட்டுப் பங்குதாரருக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. மாகாணத்துக்கு நாலு ரூபாய்ச் சொச்சம். மலையை இழந்தவர்களுக்கு ஒன்றரை ரூபாய்கூட முழுசாக இல்லை.

அந்த ஒன்றரை ரூபாயிலும் ஒரு சிக்கல். கம்பெனிக்கு ரசீதில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒருவர் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். பல இடங்களில் அது ஆணின் பெயர். தாய்வழியில் உரிமை இல்லாதவரின் பெயர்கூட. பணம் அவர் கைக்குப் போயிற்று. பத்துப் பதினைந்து வருஷத்தில் பிள்ளைகள் வளர்ந்து, எங்கள் நிலம் எங்கே, எங்கள் பங்கு எங்கே என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாருமில்லை. ஒரு குடும்பத்துக்குள்ளேயே பகை மூண்டது. கழிவு மண்ணைவிட இதுதான் அந்தச் சமூகத்தை அதிகமாக அரித்தது என்பது என் எண்ணம்.

1987-ல் இளைஞர்கள் திரண்டு நிலச் சொந்தக்காரர்களின் பழைய சங்கத்தைத் தள்ளிவிட்டுப் புதிய சங்கம் அமைத்தார்கள். தலைவராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்: பெர்பெச்சுவா செரேரோ. செயலாளர் பிரான்சிஸ் ஓனா. கம்பெனியிலேயே சர்வேயராக வேலை பார்த்தவர். நிலத்துக்கும் ஆற்றுக்கும் நஷ்டஈடாக 1,000 கோடி கினா வேண்டும் என்று கேட்டார்கள். கினா என்பது அந்த நாட்டு நாணயம். கம்பெனியின் வாழ்நாள் வருமானத்துக்கே அது மேல். கம்பெனி சிரித்திருக்கும். ஆனால் ஓர் ஆற்றின் விலை என்ன என்று அதுவரை கம்பெனியும் கணக்குப் போட்டதில்லையே!

1988 கடைசியில் நியூசிலாந்து நிபுணர்கள் வந்து ஆராய்ந்து அறிக்கை சொன்னார்கள். ஆறு கெட்டது உண்மை. ஆனால் ஊராரின் நோய்களுக்கும், மரங்களின் காய்ப்புக் குறைந்ததற்கும், காட்டில் பழந்தின்னி வௌவால்கள் அற்றுப்போனதற்கும் சுரங்கத்து ரசாயனமே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். கூட்டத்திலிருந்து ஓனா எழுந்து வெளியே போனார். சில நாளில் சுரங்கத்தின் வெடிமருந்துக் கிடங்கில் திருட்டுப் போயிற்று. மின்சாரக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1989 மே 15-ம் தேதி பங்குனா சுரங்கம் நின்றது. மின்சாரம் இல்லாமல் மலையை அரைப்பது எப்படி? செரேரோ அந்த ஆண்டே இறந்துபோனார்.

தேங்காய் எண்ணெயில் ஓடிய மோட்டார்

அதற்குப் பிறகு நடந்தது போர். பப்புவா நியூகினி ராணுவம் வந்தது. ஆஸ்திரேலியா கொடுத்த ஹெலிகாப்டர்கள் வந்தன. கிராமங்கள் எரிந்தன. கிளர்ச்சிக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களும் கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள். தீவுக்காரரே தீவுக்காரரைச் சுட்டுக்கொண்டார்கள். 1990-ல் சர்க்கார் தீவைக் கடலில் முற்றுகையிட்டது. உப்பு, சோப்பு, மருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. போரிலும், மருந்தில்லாத நோயிலும், பிரசவத்திலும் இறந்தவர்கள் இருபதாயிரம் வரை என்று கணக்கிடுகிறார்கள். இன்றைக்கே தீவின் ஜனத்தொகை சுமார் மூன்று லட்சம்தான். வீட்டுக்கு ஒரு சாவு என்றால் மிகையாகாது.

இந்த இருட்டில்தான் கம்பெனி கற்றுக்கொடுத்த தொழில் கைகொடுத்தது. சுரங்கத்தில் கிடந்த இரும்பையும் மோட்டார்களையும் கழற்றி, மலை ஓடைகளில் சின்னச் சின்ன மின்சார நிலையம் கட்டினார்கள். டீசல் இல்லையா? தேங்காயைத் துருவி எண்ணெய் காய்ச்சி வண்டியில் ஊற்றினார்கள். கம்பெனியின் பழைய ஜீப்புகள் தேங்காய் வாசனையோடு மலை ஏறின! தென்னையை நம்பிப் பிழைத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் ஒரு யுத்தத்தையே தேங்காய் எண்ணெயில் ஓட்டியவர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

1997-ல் பிரதமர் ஜூலியஸ் சான் கூலிப்படையை அழைத்து வந்து சுரங்கத்தைப் பிடிக்கப் பார்த்தார். அவருடைய ராணுவத் தளபதியே எதிர்த்து நின்றதால் அது முறிந்தது; சான் பதவியை விட்டு ஒதுங்க நேர்ந்தது. அந்த வருஷமே நியூசிலாந்தில் சமாதானப் பேச்சு தொடங்கியது. 1998-ல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இதற்கு வெகு முன்பே தாய்மார்கள் காட்டுக்குள் நடந்துபோய்ப் பிள்ளைகளிடம் போதும் வா என்று கெஞ்சியிருக்கிறார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே தூது போயிருக்கிறார்கள். நிலத்துக்கு உரியவர்கள் தாங்கள் என்ற தோரணையில்தான் பேசினார்கள். ஆயுதம் வைத்திருந்தவனும் அந்தப் பேச்சுக்கு எதிர் பேசத் தயங்கினான். 2001-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 2019 கடைசியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் தனி நாடு வேண்டும் என்றார்கள்.

மீண்டும் அதே மலை

இனிமேல்தான் சங்கடம். தனி நாடு என்றால் பணம் வேண்டும். பணம் எங்கே இருக்கிறது? பங்குனாவில் இருக்கிறது! இன்னும் 53 லட்சம் டன் செம்பு மண்ணுக்குள் இருப்பதாகக் கம்பெனியின் கணக்கு. மின்சார வாகனத்துக்கும் காற்றாலைக்கும் உலகம் முழுக்கச் செம்பைத் தேடி அலைகிற காலம் இது.

ரியோ டின்டோ 2016-ல் தன் பங்குகளை இலவசமாகவே கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. தீவின் சுயாட்சி அரசுக்கும் பப்புவா நியூகினி அரசுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. அன்றைய சட்டப்படிதான் சுரங்கம் நடத்தினோம், சுத்தம் செய்யும் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று அது சொன்னது. அன்றைய சட்டம் எது என்றுதான் பார்த்தோமே. 2020-ல் ஆற்றோரக் கிராமத்தார் 156 பேர் ஆஸ்திரேலியாவில் புகார் கொடுத்த பிறகு, சேதத்தை அளந்து பார்க்கச் செலவு செய்ய அந்தக் கம்பெனி ஒத்துக்கொண்டது. 2024 டிசம்பரில் முதல் அறிக்கை வந்தது. பழைய கட்டடங்களும் கரைகளும் சரிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம், வெள்ளம் புகலாம், கழிவு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஊரார் முப்பது வருஷமாகச் சொன்னதுதான். இப்போது நிபுணர்களின் வாயால் வந்திருக்கிறது.

இதற்கிடையே தீவின் அரசு 2015-ல் புதிய சுரங்கச் சட்டம் செய்தது. தாதுப்பொருளில் நிலத்துக்கு உரியவர்களுக்கும் உரிமை உண்டு, அவர்கள் சம்மதிக்காமல் ஆராய்ச்சிகூடத் தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம். 1964-ல் யாரும் கேட்காத கேள்வியை இனிக் கேட்டே ஆக வேண்டும். கேட்டதும் என்ன நடந்தது? ஒரு பதில் வரவில்லை, இரண்டு வந்தன. சுரங்கத்தைத் திற, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்கிறார்கள் சிலர். இத்தனை பேர் செத்தது இதற்கா என்கிறார்கள் சிலர். இந்த மனஸ்தாபத்தைக் கண்டு 2018-ல் கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. 2024-ல் அதே உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது. இன்றைய தலைவர் இஸ்மாயில் தொரோவாமா ஒரு காலத்தில் கிளர்ச்சிப் படைத் தளபதி. சுரங்கத்தை மூட ஆயுதம் ஏந்திய படையிலிருந்து வந்தவருடைய அரசு, இன்று அதைத் திறப்பதற்கு வழி பார்க்கிறது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சுதந்திரத்துக்கு 2027 செப்டம்பர் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 1975-ல் அறிவித்துப் பார்த்த அதே தேதி.

பங்குனாவில் பெரும்பள்ளம் அப்படியே கிடக்கிறது. துருப்பிடித்த ஆலையின் இரும்பைப் பழைய இரும்புக்காரர்கள் முடிந்த அளவு வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மழை பெய்தால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் வழிகிறது. செம்பு கரைந்த தண்ணீர். கீழே ஜாபா ஆற்றின் கழிவு மணலில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கம் அரிக்கிறார்கள். கம்பெனியின் ஆலையில் தப்பிய தூசுத் தங்கம் அது. பெண்களும் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக மணலைத் தட்டில் அள்ளி அலசி, பாதரசம் சேர்த்து உருட்டி, அடுப்பில் சுட்டுப் பிரிக்கிறார்கள். பாதரசப் புகை விஷம். ஆனாலும் ஒரு சிட்டிகை தங்கத்துக்கு அரிசியும் பள்ளிக்கூடச் சம்பளமும் கிடைக்கிறது. அந்த மணலில் எந்தத் தாய்க் குலத்தார் எங்கே அரிக்கலாம் என்பதைப் பேசி வைத்திருக்கிறார்கள். நிலம் போய் மணலான பிறகும் அந்த வழக்கம் மட்டும் போகவில்லை.